கறுத்த இடமெல்லாம் அடைப்பு அல்ல

ரேடியாலஜி முதலாண்டில் சேரும் பிள்ளைகளும், ஸ்கேன் அறையில் புதிதாக நிற்கும் டெக்னீஷியன் தம்பி தங்கைகளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மூளை ரத்தக்குழாய்ச் சுருக்கத்தை எம்.ஆர்.ஏ-வில் எப்படி சார் கண்டுபிடிப்பது?" கண்டுபிடிப்பது சுலபம். இல்லாத சுருக்கத்தை இருக்கிறதென்று எழுதிவிடாமல் இருப்பதுதான் கஷ்டம். அதை மனதில் வைத்துத்தான் இவற்றை எழுதுகிறேன்.

1. எதைப் பார்க்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 'டைம் ஆஃப் ஃப்ளைட்' முறையில் எடுத்த படத்தில் ரத்தம் ஓடுவது தெரிகிறது. குழாயின் சுவர் தெரிவதில்லை. 20, 30 மில்லி விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலைத் துடிப்பை அடித்துக்கொண்டே இருப்பதால், அசையாமல் இருக்கும் மூளைத் திசு சோர்ந்து மங்கிவிடுகிறது. கழுத்திலிருந்து அப்போதுதான் உள்ளே வரும் ரத்தம் அந்த அடியை வாங்காதது. அதனால் பளிச்சென்று இருக்கிறது. தேங்கிய குட்டைக்குள் புதுவெள்ளம் நுழையும்போது அதன் தடம் மட்டும் தனி நிறத்தில் ஓடுமே, அப்படி. கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது. சிறுநீரகம் பழுதானவருக்கும் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் ரத்தம் மெதுவாகப் போனால் அதுவும் துடிப்புகளை வாங்கி மங்கிவிடும். சுழித்துப் போனால் சிக்னல் சிதறிவிடும். இரண்டிலும் குழாய் திறந்தேதான் இருக்கும், படத்தில்தான் கறுப்பு. இது பிடிபட்டால் கீழே சொல்வதில் பாதி தானாக விளங்கிவிடும்.

2. நோயாளியிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். "பேஸ்மேக்கர் உண்டா?" என்றால் பாட்டி தலையை ஆட்டிவிடுவார். "நெஞ்சில் பேட்டரி வைத்தார்களா, தலையில் ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்களா, காதுக்குள் மெஷின் இருக்கிறதா?" என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். அப்புறம் தாலி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக்கொடியில் நாலு ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள், அவை இழுபடும். கழற்றத் தயங்குகிறவரை அதட்டாதீர்கள். மஞ்சள் கயிற்றைத் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். தாயத்து, கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி எல்லாம் இதே கணக்குத்தான்.

3. ரத்தக்குழாய்ப் படத்துக்கு ஐந்தாறு நிமிடம் தலை அசையக்கூடாது. பக்கவாதத்தில் பேச்சு குழறி, பயந்து கிடப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது பெரிய விஷயம். ஆகவே டிஃப்யூஷன் முடிந்த கையோடு எம்.ஆர்.ஏ-வை எடுத்துவிடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் அவர் புரள ஆரம்பித்திருப்பார். அசைந்த படத்தில் எல்லாத் தமனியும் விளிம்பு கலங்கித்தான் இருக்கும். அதை வைத்துச் சுருக்கம் சொல்வதைவிட "மீண்டும் எடுக்க வேண்டும்" என்று எழுதுவது மரியாதை.

4. திரையில் சுழலும் அழகான முப்பரிமாணப் படம் வார்டில் காட்டுவதற்கு நல்லது. தீர்ப்பு சொல்ல மூலப் படங்களுக்குப் போங்கள், ஒவ்வொரு துண்டாக. அந்தச் சுழல் படம் ஒவ்வொரு கோட்டிலும் ஆகப் பிரகாசமான புள்ளியை மட்டும் எடுத்து அடுக்குவது. குழாயின் ஓரத்தில் மெல்ல ஓடும் மங்கலான ரத்தத்தைக் கழித்துவிடும், சுருக்கம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சில நாள் பழைய ரத்தக் கசிவு டி1-இல் வெளுத்து இருப்பதால், உறைந்துபோன ரத்தமே ஓடும் ரத்தம் போல வேடம் போடும்.

5. கறுப்பு வழக்கமாக விழும் இடங்களை மனப்பாடம் செய்யுங்கள். உட்கரோட்டிட் தமனி மண்டையோட்டுக்குள் பாம்பு போல வளையும் சைஃபன் பகுதி முதலாவது. வளைவில் ரத்தம் சுழிக்கும். பக்கத்தில் ஸ்ஃபீனாய்டு சைனஸின் காற்று வேறு காந்தப்புலத்தைக் கெடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கறுத்திருந்தால் நோயை நினைக்கும் முன் இயற்பியலை நினையுங்கள். படத்தைப் பல அடுக்காக எடுக்கும்போது அடுக்குகள் சேரும் எல்லையிலும் ஒரு கோடு விழும். அது எல்லாக் குழாய்களையும் ஒரே மட்டத்தில் வெட்டியிருக்கும், எந்த நோயும் அப்படிச் செய்யாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிரை ரத்தத்தை மறைக்க மேலே ஒரு சாச்சுரேஷன் பட்டை போடுகிறோம். மேலிருந்து கீழே வரும் எந்த ரத்தத்தையும் அது அணைத்துவிடும். இடது சப்கிளேவியன் தமனி தொடக்கத்திலேயே சுருங்கியவருக்கு, அந்தப் பக்க வெர்ட்டிப்ரல் தமனியில் ரத்தம் தலைகீழாக, கை நோக்கி இறங்கும். கழுத்துக்கு எடுக்கும் டைம் ஆஃப் ஃப்ளைட் படத்தில் அந்தக் குழாயே இல்லாதது போல இருக்கும். "முழு அடைப்பு" என்று எழுதும் முன் வார்டுக்கு ஒரு போன் போட்டு, இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் விஷயம் வெளிவந்துவிடும்.

6. அளக்காமல் எழுதாதீர்கள், அளந்ததையும் முழுக்க நம்பாதீர்கள். வாசிட் ஆய்வில் (அதன் முடிவு 11-இல் வருகிறது) கையாண்ட முறை எளிது: மிகக் குறுகிய இடத்தின் விட்டத்தை, அதற்கு முந்தைய நல்ல பகுதியின் விட்டத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்கினால் சதவீதம். நடு மூளைத் தமனியின் நல்ல பகுதி 3 மில்லிமீட்டர், சுருங்கிய இடம் 1.2 என்றால் 60 சதவீதம். ஆனால் நமது படத்தின் ஒரு கட்டமே (பிக்சல்) அரை மில்லிமீட்டர். கர்சர் ஒரு கட்டம் உள்ளே போனால் அதே சுருக்கம் 77 ஆகும், வெளியே வந்தால் 43. ஒரு கட்டத் தள்ளாட்டத்தில் ஒருவர் "கடுமை" வகுப்புக்குப் போகிறார் அல்லது பட்டியலிலிருந்தே விழுகிறார். அதனால் "63 சதவீதம்" என்றெல்லாம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 50-க்குக் கீழ், 50 முதல் 69, 70 முதல் 99, முழு அடைப்பு என்ற வகுப்புகள் போதும்.

7. குழாய் நடுவில் அறுந்து, தாண்டி மறுபடி தெரிந்தால் அதை முழு அடைப்பு என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் கடுமையான சுருக்கம்; ஒரு நூலிழை ரத்தம் சீறிப் போவதால் சிக்னல் சிதறிவிட்டது. காடோலினியம் செலுத்தியோ சி.டி ஆஞ்சியோவிலோ பார்த்தால் அந்த இழை தெரியவரும். மூளைக்குள் இருக்கும் சுருக்கத்தை எம்.ஆர்.ஏ எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பார்த்த சோனியா ஆய்வு 2007-இல் வெளியானது. கதீட்டர் ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டதில், எம்.ஆர்.ஏ "சுருக்கம் இல்லை" என்றபோது 91 சதவீதம் சரி. "சுருக்கம் உண்டு" என்றபோது 59 சதவீதம்தான் சரி. இந்தக் கருவி 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், 'உண்டு' என்று சொன்னால் சாட்சி தேடுங்கள்.

8. பிறவியிலேயே மெலிந்த குழாய்களும் உண்டு. ஒரு பக்க வெர்ட்டிப்ரல் நூல் போல இருப்பது சகஜம். முன் மூளைத் தமனியின் முதல் துண்டு ஒரு பக்கம் காணாமலே இருக்கும். பின் மூளைத் தமனி சிலருக்குக் கரோட்டிட்டிலிருந்தே கிளம்பும். நோய் ஓரிடத்தைக் கடிக்கும். பிறவி மெலிவு நெடுகச் சீராக இருக்கும். வெர்ட்டிப்ரலில் சந்தேகம் தீர ஜப்பானியர்கள் ஒரு நல்ல வழி சொன்னார்கள்: கிளைவஸ் எலும்புக்கு இணையாக ஒரு தடித்த டி2 படம் எடுத்து, கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டால் குழாயின் வெளி உருவம் கிடைக்கும். வெளியும் சிறிது, உள்ளோட்டமும் சிறிது என்றால் பிறவி. வெளி பருமன், உள்ளே மட்டும் சிறிது என்றால் சுவரில் நோய்.

9. சாட்சி அதே ஃபோல்டரிலேயே கிடக்கும். ஃபிளேரில் மூளை மடிப்புகளுக்குள் வெண்ணிறப் புழுக்கள் போல நாளங்கள் தெரிந்தால் அங்கே ரத்தம் தயங்கித் தயங்கிப் போகிறது. டிஃப்யூஷனில் வெண்பொருளுக்குள் மணி கோத்தது போலப் புள்ளிகள் இருந்தால் எல்லைப்புறப் பகுதிக்கு ரத்தம் எட்டவில்லை என்று பொருள். கறுப்பு இருந்தும் இவை எதுவுமே இல்லையென்றால் சுருக்கத்தின் மேல் சந்தேகம் வரட்டும்.

10. வயதைப் பாருங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயதுக்காரருக்குக் கொழுப்புப் படிவு என்பது நியாயமான ஊகம். வெள்ளையரோடு ஒப்பிட்டால் நம் ஆசியருக்கு மூளைக்குள்ளேயே இந்தப் படிவு அதிகம். முப்பது வயதில், காய்ச்சலோடு, அடிப்புறத் தமனிகள் மெலிந்திருந்தால் நம் நாட்டில் காசநோய் மூளைச்சவ்வழற்சியை முதலில் கேளுங்கள். பிள்ளை பெற்ற சில நாளில் இடி விழுந்தாற்போல் தலைவலி என்று வந்த பெண்ணுக்கு அங்கங்கே சுருங்கி விரிந்த குழாய்கள் இருந்தால், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும் இறுக்கமாக இருக்கலாம். 3 டெஸ்லா கருவி கையில் இருந்தால், ரத்தத்தைக் கறுப்பாக்கிச் சுவரை மட்டும் காட்டும் படம் எடுங்கள். படிவு பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தடிக்கும். நாள அழற்சி சுற்றிலும் தடித்து கான்ட்ராஸ்ட் மருந்தை இழுக்கும். இறுக்க நோய் மருந்தை அதிகம் இழுக்காது.

11. உங்கள் ஒரு சொல் மாத்திரையையும் மாற்றும், கத்தியையும் வரவழைக்கும். 2005-இல் வெளிவந்த வாசிட் ஆய்வில் வார்ஃபரின் ஆஸ்பிரினைவிட மேலாக இல்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. 2011-இல் சாம்ப்ரிஸ் ஆய்வு: 70 முதல் 99 சதவீதச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. தீவிர மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8. ஆகவே நிச்சயமில்லாத கறுப்பை "கடுமையான சுருக்கம்" என்று எழுதாதீர்கள். "இந்த இடத்தில் சிக்னல் குறைவு, சி.டி ஆஞ்சியோவில் உறுதி செய்யவும்" என்று எழுதினால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

12. ஆறு மாதம் கழித்து அதே நோயாளி பழைய ஃபிலிம் கவரோடு வருவார். பழையது 1.5 டெஸ்லா, புதியது 3 என்றால், அதிகப் புலத்தில் திசு இன்னும் நன்றாக மங்கி ரத்தம் பளிச்சிடும். கட்டமும் சிறிதாக இருக்கும். "சுருக்கம் குறைந்துள்ளது" என்று எழுதும் முன், இரண்டு படமும் எந்தக் கருவியில், எவ்வளவு பெரிய கட்டத்தில் எடுத்தவை என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.