நர்சிங் படித்தால் சம்பளம் எவ்வளவு?



"நர்சிங் முடித்தால் மாதம் என்ன வரும்?" ஆரணியில் பட்டுத் தறியில் உட்காரும் பெற்றோர் இப்படிக் கேட்டால் பேராசை என்று எண்ணிவிடாதீர்கள். மகள் தறியை விட்டுப் படிக்கப் போனால் வீட்டில் ஒரு கூலி குறைகிறது.

ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் அங்கு நர்சுப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. படிக்கும் பிள்ளை புத்தகத்தோடு நிற்காமல் வார்டிலும் கிராமத்திலும் வேலை பழகுகிறாள். வேலை தேடும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கமே.

இனி சம்பளம். 2016-ல் நடைமுறைக்கு வந்த 7-வது ஊதியக் குழு, மத்திய அரசு நர்சுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900 என்று வைத்தது. தனியாரில் நிலைமை வேறு. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அதே ஆண்டு அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையும் ரூ.20,000-க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்டவை மாநில அரசுக்கு இணையாகத் தரவேண்டும் என்றது. பரிந்துரைதான், சட்டமல்ல.

சபை பரிந்துரைத்து அனுப்பும் மாணவி, படித்தபின் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்ய ஒப்புக்கொள்கிறாள். அங்கே சம்பளம் பெரும்பாலும் நகரத்தைவிடக் குறைவு. கல்விக் கடனோ காத்திருக்காது. ஆகவே படிப்புக்குக் காணிக்கை கொடுக்குமுன், அந்த மருத்துவமனை முதல் மாதம் என்ன தரும் என்று விசாரியுங்கள். அந்தத் தொகையைச் சேர்க்கைக்கு முன்பே பெற்றோரிடம் எழுத்தில் கொடுங்கள்.