பெயர் ஒரு வரி, பெட்டி பத்து வரி

கேள்வி: வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எனக்கு முன்னே எழுதியவர்களைப் பார்த்தேன். பெயருக்கு ஒரு வரி, கணினிக்குப் பத்து வரி. என்ன புரொசசர், எத்தனை ஜிபி ராம், எந்தக் கீபோர்ட், கடைசியில் பொழுதுபோக்கு. இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது?
வாசகி, வண்ணாத்திவில்லு

பதில்: ரேடியோவில், தங்கச்சி. கணினிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களை ஹாம் என்பார்கள். முகம் தெரியாத இரண்டு ஹாம் ரேடியோக்காரர்கள் சிற்றலையில் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் போகும். அழைப்புக் குறி, சத்தம் எப்படிக் கேட்கிறது, பெயர், ஊர். அது முடிந்த கையோடு செட் என்ன, எத்தனை வாட், ஏரியல் எவ்வளவு உயரம். பிறகு இதே விவரத்தைக் கியூஎஸ்எல் அட்டையில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். நம் நாட்டு ஹாம்களின் அழைப்புக் குறி 4எஸ்7 என்று தொடங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அது விஎஸ்7. இதைப் பெருமையடிப்பு என்று நினைக்காதீர்கள். ஐந்து வாட் செட்டும் தென்னையில் கட்டிய கம்பியும் வைத்துக்கொண்டு ஒருவர் ஜப்பான் வரை பேசிவிட்டார் என்றால், அந்தக் கம்பியின் நீளம்தான் அங்கே முதல் செய்தி.

இந்த ஆட்கள்தான் பின்னாளில் கணினிக்குக் குடிபெயர்ந்தார்கள். 1975 செப்டெம்பரில் ‘பைட்’ சஞ்சிகையைத் தொடங்கிய வெய்ன் கிரீன் அதற்கு முன்பே ‘73’ என்ற ஹாம் ரேடியோ சஞ்சிகையை நடத்திக்கொண்டிருந்தவர். ஆப்பிள் கணினியைக் கட்டிய ஸ்டீவ் வாஸ்னியாக் சின்னப் பையனாக இருந்தபோதே ஹாம் உரிமம் எடுத்தவர். அதே 1975இல், மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில் ஒரு கார்க் கொட்டகைக்குள் ஹோம்பிரூ கணினிக் கழகம் முதன்முதலாகக் கூடியது. உன்னிடம் என்ன இருக்கிறது, நீ என்ன கட்டுகிறாய் என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு.

அடுத்த மாதம் அந்தக் கழகத்தில் நடந்ததைச் சொல்லாமல் எனக்கு மேலே போக மனம் வராது. ஸ்டீவ் டொம்பியர் என்பவர் ஆல்டேர் 8800 என்ற கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் திரை இல்லை, கீபோர்ட் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள், மேலே சின்னச் சின்ன விளக்குகள், அவ்வளவுதான். புரோகிராம் முழுவதையும் சுவிட்சை மேலும் கீழும் தட்டித் தட்டியே உள்ளே ஏற்ற வேண்டும். அவர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, விளையாடிய பிள்ளைகள் வயரில் தடுக்கிவிட, கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. மனுஷன் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்கினார். முடிந்ததும் ஒரு சின்ன ரேடியோவை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ரேடியோ பாடியது! பீட்டில்ஸ் பாட்டு. வீட்டில் ஒருநாள் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தபோது, கணினி கணக்குப் போடும் நேரமெல்லாம் ரேடியோ இரைவதைக் கவனித்திருக்கிறார். எந்தக் கணக்கு எந்தச் சுரத்தைக் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் பாட்டாக்கிவிட்டார். மீண்டும் பாடச் சொன்னார்கள். இரண்டாவதாக ‘டெய்சி’ வந்தது.

அந்தப் பாட்டுக்கு நம் நாட்டோடு உறவு உண்டு. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஓர் ஐபிஎம் கணினி பாடிய பாட்டு அது. நண்பரைப் பார்க்கப் போன இடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்துதான், ‘2001’ கதையில் ஹால் கணினியைச் சாகும் தறுவாயில் அதையே பாட வைத்தார் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இலிருந்து இங்கேயே வாழ்ந்து, 2008இல் கொழும்பில் கண்மூடியவர். 1982இல் ‘2001’இன் அடுத்த பாகம் வெளிவந்தபோது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தன் பெட்டியையும் அறிமுகப்படுத்தினார். ஆர்கைவ்ஸ் 3 கணினி, வேர்ட்ஸ்டார் மென்பொருள், நாவல் முழுவதும் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஐந்து அங்குலத் தட்டு ஒன்றில் போனது, கடைசித் திருத்தங்கள் பாதுக்கை செய்மதித் தரை நிலையம் வழியாகப் போயின. நம் மண்ணில் எழுதப்பட்ட இப்படியான அறிமுகங்களில் எனக்கு இதுவே தலையாயது.

பெட்டியைச் சொல்லும் இந்தப் பழக்கத்தில் லினக்ஸும் சேரும், அதைப் பற்றி நீங்களே அறிவீர்கள். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயங்குதளத்தை வெறும் பொழுதுபோக்கு என்று அறிவித்தார். அதில் ஒரு வரியை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஏடி ரகத்து ஹார்ட் டிஸ்கைத் தவிர வேறெதிலும் இது அநேகமாக ஓடாது, என்னிடம் இருப்பது அது மட்டும்தான் என்று எழுதினார். அவர் மேசையில் இருந்த பெட்டி எதுவோ, அதுவே அந்த மென்பொருளின் முதல் எல்லை.

ஆகவே நீங்களும் தாராளமாக எழுதுங்கள். யூபிஎஸ்ஸை முதலில் எழுதுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொன்னார்கள். நாடே இருண்டது, உங்கள் களப்புக்கு அக்கரையில் இருக்கும் நுரைச்சோலையும் நின்றுபோனது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து நேரத்துக்கு வேலை முடித்துக் கொடுக்கிறவரின் பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது அந்தக் குழு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கேள்வி: கீபோர்டில் எழுத்துகளைத் தாறுமாறாக வைத்தது, டைப் அடிப்பவரின் வேகத்தைக் குறைப்பதற்குத்தானே?
வாசகர், புத்தளம்

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் ‘இ’யும் ‘ஆர்’உம் அடுத்தடுத்து வரும் சொற்கள் ஏராளம். அந்த இரண்டு எழுத்தும் கீபோர்டில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. வேகத்தைக் குறைக்க நினைத்தவன் அவற்றை இரு கோடிக்கும் பிரித்தல்லவா வைத்திருப்பான்?

2011இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் கொய்ச்சி யசுவோக்காவும் மோட்டோகோ யசுவோக்காவும் வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள். டைப் மெஷினை முதலில் எடுத்துப் புழங்கியவர்களில் தந்திக்காரர்கள் உண்டு. காதில் விழும் மோர்ஸை உடனுக்குடன் எழுத்தாக அடிக்க வேண்டியவர்கள் அவர்கள். அமெரிக்க மோர்ஸில் ‘இசட்’டைக் கேட்டால் ‘எஸ்’, ‘இ’ என்ற இரண்டு எழுத்து போலவும் இருக்கும். எது என்று தெளியும் வரை விரல் காத்திருக்க வேண்டும், அதனால் மூன்றும் பக்கம் பக்கமாக வந்தன என்கிறார்கள். நான் இந்தக் கட்சிதான். தந்தியும் ரேடியோவுக்குச் சொந்தம், நினைவிருக்கட்டும்.

தமிழ் எழுத்துகளை மெஷினுக்குள் அடக்கும் இதைவிடப் பெரிய சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சு மெஷினில் புள்ளிக்கு நகராத விசை. முதலில் புள்ளியைத் தட்டுங்கள். தாள் உருளை இருந்த இடத்திலேயே நிற்கும். அடுத்துக் ‘க’வைத் தட்டினால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து உட்காரும், அதன் பிறகுதான் உருளை நகரும். இன்று போனில் எழுத்து முதல், புள்ளி பிறகு. பழைய ஆட்களின் விரல் இதற்கு இணங்க மறுப்பது நியாயமே.

கேள்வி: வண்ணாத்திவில்லுக் கஜு உள்ளூர் மரமா?
வாசகர், கற்பிட்டி

பதில்: பிரேசில் மரம். போர்த்துக்கேயர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. தண்ணீர் குறைந்த நிலத்திலும் தாக்குப்பிடிப்பதால் உங்கள் பக்கத்தில் நிலைத்துவிட்டது. மாமரத்தின் குடும்பந்தான். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்கவே கூடாது. அந்த எண்ணெயிலிருந்துதான் வாகனப் பிரேக்குக்குப் பிசின் எடுக்கிறார்கள், மின்கம்பிச் சுருளுக்குப் பூசும் வார்னிஷும் செய்கிறார்கள். ரேடியோ செட்டின் டிரான்ஸ்போமரிலும் இருப்பது கம்பிச் சுருள்தான்.