மூளை இல்லாத உயிரும் பாடம் படிக்கிறது



நமது டிரஸ்டின் மாலை டியூஷனில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது சில பெற்றோர் எங்களிடம் சொல்வதுண்டு: "பாய், இவனுக்கு மூளையே கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது." பக்கத்தில் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். அதனால் இந்த மாதம், உண்மையிலேயே மூளை இல்லாத ஓர் உயிரைப் பற்றிப் படிப்போம்.

லீவு நாளில் மெரினா போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அலை ஒதுக்கிய ஜெல்லி மீனை. சொறி, இழுது மீன் என்றும் சொல்வார்கள். பெயரில்தான் மீன், எலும்பு, இதயம், இரத்தம், மூளை எதுவும் அதற்கு இல்லை. ஆனால் நரம்பு உண்டு. நம் நரம்புகள் தண்டுவடத்திலும் மூளையிலும் போய்ச் சேர்கின்றன. ஜெல்லி மீனின் நரம்பு செல்களோ மீன்பிடி வலை போல உடலெங்கும் பரவியிருக்கின்றன. குடை போன்ற உடலைச் சுருக்கி நீந்துவதும், இரையை வாய்க்குக் கொண்டுபோவதும் இந்த நரம்பு வலையால்தான். பள்ளிப் பாடத்தில் வரும் ஹைட்ராவும் இதன் உறவே. அதற்கும் நரம்பு வலைதான்.

ஓர் எச்சரிக்கை: இதன் கொட்டும் செல்கள் யார் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. தொட்டாலே வெடிக்கும். ஆகவே கரையில் செத்துக் கிடப்பதையும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

கரீபியன் பகுதியில், நம் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில், விரல் நகம் அளவே உள்ள பெட்டி ஜெல்லி மீன் ஒன்று வாழ்கிறது. அதற்கு 24 கண்கள். நான்கு உணர்வு உறுப்புகளில் ஆறு ஆறாக அமைந்துள்ளன. ஓர் உறுப்பில் சுமார் 1,000 நரம்பு செல்கள்தான். கலங்கிய நீரில் மரவேர்களில் மோதாமல் நீந்துவதே அதன் பாடு.

இது கற்றுக்கொள்ளுமா என்று ஆன்டர்ஸ் கார்ம், ஜான் பீலெக்கி ஆகியோரின் குழு சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. வட்டத் தொட்டியின் சுவரில் சாம்பல், வெள்ளைக் கோடுகள் வைத்தார்கள். சாம்பல் கோடு தூரத்து வேர் போலத் தெரியும். இன்னும் தூரம் இருக்கிறது என்று போய் முதலில் மோதியது. ஏழரை நிமிடத்துக்குள் மோதல் பாதியாகக் குறைந்தது. சுவரை விட்டு விலகி நீந்தும் தூரம் சுமார் 50 சதவீதம் கூடியது. கண்ணால் கண்டதும் மோதி உணர்ந்ததும் ஒன்று சேர்ந்தபோதுதான் அது கற்றது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அல்லாஹ் இவ்வளவு கொடுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "மூளை இல்லை" என்று நாம் சொல்லலாமா?

தப்பாகப் போட்ட கணக்கைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த வரியில் மோதினான் என்று கூட உட்கார்ந்து காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை விலகிப் போகக் கற்றுக்கொள்வான்.

வஸ்ஸலாம்.