சாணி எங்கே போகுதுன்னு பாரு கண்ணு!

கண்ணு, இன்டர்ன்ஷிப்புக்குச் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பால் பண்ணை தேடிட்டு இருக்கேன்னு சொன்னே. போன் போட்டதும் எத்தனை மாடு, எத்தனை லிட்டர்னு ஆரம்பிக்காதே. சாணி எங்கே போகுது, பசுந்தீவனம் எங்கிருந்து வருதுன்னு கேளு. ரெண்டுக்கும் தயங்காம பதில் சொல்றவங்க பண்ணையா பாத்துப் போ.

ரெண்டு கனமீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணி வேணும், அதே அளவு தண்ணியும் கலக்கணும். நாலஞ்சு கறவை இருந்தாலே கிட்டத்தட்ட அது வந்துடும். கலன்ல இருந்து வர்ற கரைசல் கோ-4 புல்லுக்குப் பாயணும், அந்தப் புல்லு அறுத்து மறுபடி கட்டுத்தரைக்கு வரணும். இந்தச் சுத்து எங்கேயாவது அறுந்து, சாணி ஓடைக்கும் தீவனம் மொத்தமும் மூட்டையிலயும்னு இருந்தா, அங்கே பால் வியாபாரம் கத்துக்கலாம். நீ தேடிப் போறது கிடைக்காது.

அசோலாத் தொட்டியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. நல்ல தீவனம்தான். ஆனா பல இடத்துல அது விருந்தாளிங்க போட்டோவுக்காகவே வளருது! தினம் எவ்வளவு அள்ளுறாங்க, எத்தனை மாட்டுக்குப் பங்கு போடுறாங்கன்னு நீயே தராசுல வெச்சுப் பாரு.

தங்குற இடம், தாழ்ப்பாள், கழிப்பறை மூணையும் முன்னாடியே கேட்டுடு. கூச்சப்படாதே. டெட்டனஸ் ஊசி போட்டுக்கோ, கம்பூட்ஸ் எடுத்துக்கோ. தீவனம் வெட்டுற மெஷின்கிட்ட போறப்ப துப்பட்டா வேண்டாம், பின்னலைக் கொண்டையாக் கட்டிக்கோ. கரைசல் குழிக்குள்ள எது விழுந்தாலும் எடுக்க இறங்காதே. அங்கே தேங்குற வாயு ஆளையே சாய்ச்சுடும். கன்னு போடுறப்பவும் நஞ்சுக்கொடியைத் தொடுறப்பவும் கையுறை கட்டாயம். கருச்சிதைவு நோய் இருக்குற மாட்டுகிட்ட இருந்து அது மனுசங்களுக்கும் தொத்தும். காய்ச்சாத பாலைக் குடிக்காதேன்னு சொல்றதும் அதுக்குத்தான்.

விடியக்காலைக் கறவைதான் உன்னோட உண்மையான வகுப்பு. மடியைக் கழுவித் துடைச்சு, முதல் ரெண்டு மூணு பீச்சைத் தனிக் கிண்ணத்துல விட்டுப் பாப்பாங்க. பால் திரிதிரியா வந்தா மடிநோய். கறந்த கையோட மாட்டுக்குத் தீனி வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு. காம்போட துளை மூட அரைமணி நேரம் போல ஆகும். அதுக்குள்ள மாடு ஈரத்தரையில படுத்தா கிருமி உள்ளே போயிடும். தீனி இருந்தா நின்னுட்டே இருக்கும்.

மடிநோய்க்குச் சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேத்து அரைச்சுப் பூசுற வைத்தியத்தை தேசிய பால்வள வாரியமே பரப்பிட்டு வருது. அதைப் பண்ணுறாங்களான்னு பாத்து எழுதி வெச்சுக்கோ. அதுக்காக, மாடு காய்ச்சலோட தீனி எடுக்காம நிக்கிறப்பவும் கத்தாழையை நம்பிட்டு இருக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிடணும். அவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டா, சொல்ற நாள் வரைக்கும் அந்த மாட்டுப் பால் கேன்ல சேரவே கூடாது. பண்ணை எவ்வளவு யோக்கியம்னு அந்த நாலஞ்சு நாள்ல தெரிஞ்சுடும்.

உன் நோட்டுல கறக்குற மாட்டைப் பத்தி மட்டும் எழுதாதே. பால் வத்தின மாடு, சினை பிடிக்காத மாடு, கிடேரி எல்லாத்துக்கும் தீனிக் கணக்கு எழுது. செலவுல பெரும்பங்கு தீவனத்துக்குத்தான் போகுது. மாடு அசை போட்டு ஏப்பம் விடுறப்ப மீத்தேன் வெளியாகுதுன்னு படிச்சிருப்பே. கறந்தாலும் கறக்காட்டியும் அந்த ஏப்பம் நிக்காது. அப்போ வருசத்துக்கு ஒரு கன்னு போடுற மாட்டையும் ஒன்றரை வருசத்துக்கு ஒண்ணு போடுற மாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு, லிட்டருக்கு எவ்வளவு தீவனம், எவ்வளவு மீத்தேன்னு. என்னைக் கேட்டா, சோலார் பேனலை விட, பருவத்துக்கு வந்த மாட்டை அன்னைக்கே கண்டுபிடிக்கிற ஆளுதான் ஒரு பண்ணைக்கு முக்கியம். காலையில கத்தினா சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில ஊசி.

அந்த ஆளு பெரும்பாலும் முதலாளியா இருக்க மாட்டாரு, பால் கறக்குற அண்ணனோ சாணி அள்ளுற அக்காவோதான். அவங்ககூட சேந்து வேலை செஞ்சுட்டே கேளு. நோட்டை நீட்டிட்டுப் போய் நின்னா வாயத் திறக்க மாட்டாங்க.

கிளம்புறப்ப உன் கணக்கோட ஒரு நகலைப் பண்ணைக்குக் குடுத்துட்டு வா. சர்டிபிகேட்ல "நன்னடத்தை"ன்னு ஒத்தை வரி போட்டா வாங்கிக்காதே. கறவை, தீவனக் கணக்கு, கன்னு பராமரிப்புன்னு நீ செஞ்ச வேலை அத்தனையும் பேரு சொல்லி எழுதித் தரச் சொல்லு. அடுத்த நேர்காணல்ல அதைப் பாத்துத்தான் கேள்வி கேப்பாங்க.