கணினிப் பேரேட்டுக்குப் பூட்டு

காகிதப் பேரேடு ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் எழுத இயலாது. கணினி வலையமைப்பில் அந்தத் தடை தானாக அமைவதில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நெசவாளர் சங்கம் இருப்பதாகக் கொள்வோம். நூல் இருப்பு 400 கிலோ. பூட்டில்லாத ஒரே கோப்பைக் கிடங்குக் குமாஸ்தாவும் கணக்கரும் திறக்கின்றனர். குமாஸ்தா 60 கிலோ வழங்கியதை எழுதி, 340 எனச் சேமிக்கிறார். கணக்கரோ தம் திரையிலுள்ள பழைய 400உடன் 100 கிலோ வரவைக் கூட்டி, 500 எனச் சேமிக்கிறார். மெய்யான இருப்பு 440. தணிக்கையில் 60 கிலோ குறையும். திருட்டு ஏதுமில்லை, ஆயினும் பழி குமாஸ்தாவின் மீது விழும்.

இதைத் தடுக்கவே எக்ஸெல், லிபர் ஆபீஸ் போன்றவை, கோப்பைத் திறந்தவரின் பெயரைக் குறித்து அதனருகே சிறு பூட்டுக் கோப்பொன்றை உண்டாக்குகின்றன. இரண்டாமவர் படிக்கலாம், அதில் எழுத முடியாது. மின்சாரம் திடீரென நின்றால் இப்பூட்டு நீங்காமல் தங்கிவிடுவதுண்டு. கோப்பு வேறெங்கும் திறந்திருக்கவில்லை என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டறிந்த பின்னரே அதை நீக்குக. காத்திருக்க மனமின்றிப் பிரதி எடுத்து எழுதுவது, என் கருத்தில், பூட்டை உடைப்பதினும் கேடானது. சங்கத்துக்கு இரண்டு பேரேடுகள் உண்டாகிவிடும்.

முழுக் கோப்பையும் பூட்டினால் வேலை தேங்கும். தரவுத்தளமோ ஓர் அங்கத்தினரின் வரியை மட்டும் பூட்ட வல்லது. 2022 ஜூனில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருளின்கீழ்க் கொணர மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தனிக் கோப்பையே நம்பியிருக்கும் சங்கங்களில், மதிய உணவுக்கு எழுபவர் கோப்பை மூடிவிட்டு எழுவாராக.