ஏழு இரவு... மூன்று ஊர்... போதும்!

'சித்த வைத்தியருக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. சொல்கிறேன்.

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தம் உண்டு. அந்த அம்மாவுக்கு சர்க்கரையும் மூட்டு வலியும். முதல் முறையாக இத்தாலி போகிறார்கள். கையில் ஒரு பேப்பர். மிலான், வெனிஸ், பைசா, ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ். ஆறு ஊர், ஏழு நாள்!

"ஒரு தடவைதானே போறோம் டாக்டர், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாம்னு..." என்றார்.

"ஒரு தடவைதான் போறீங்க. அதனாலதான் சார் எல்லாத்தையும் பார்க்கக் கூடாது" என்றேன்.

இது ஏட்டில் படித்ததல்ல. பட்டுத் தெரிந்துகொண்டது. 2018-ல் நானும் என் மனைவியும் போனோம். ஆறு நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போட்டவன் நான்தான். வெனிஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாக ஏறி இறங்கினோம். நான்காம் நாள் அவள் முழங்கால் வீங்கிவிட்டது. கடைசி நாள் ரோமில், உச்சி வெயிலில், புனித பேதுரு பேராலயத்தின் முன்னால் நீண்ட வரிசை. இறந்த மகனைத் தாய் மடியில் ஏந்தியிருக்கும் மைக்கேலாஞ்சலோவின் 'பியெத்தா' சிற்பம் உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலேயே அதன் படத்தை வெட்டி வைத்திருந்தவள் அவள். அந்த ஊருக்கு அவள் வந்ததே அதற்காகத்தான்.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இப்படி உட்கார்ந்திருக்கேன்" என்று தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொன்னேன். அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

அடக்கக் கூடாத ஐந்து

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று சொல்வோம். உடம்பு தானாகக் கேட்கும் தேவைகள். அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பெரியவர்கள் கண்ட பாடம். அதில் ஐந்தைச் சுற்றுலாப் பயணிகள் தினமும் அடக்குகிறார்கள்: பசி, தாகம், சிறுநீர், இளைப்பு, தூக்கம். இந்த ஐந்துக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் ஊர் பாருங்கள். திட்டம் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் மறக்காதீர்கள். வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸ் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி. 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, நிலையத்துக்குப் போய், ரயில் ஏறி இறங்கி, புது அறையைக் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஊர் மாறுகிற ஒவ்வொரு முறையும் அரை நாள் கழிவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதிக் கொடுத்த திட்டம்

முதலில் விமான டிக்கெட். வெனிஸில் இறங்கி, ரோமில் இருந்து திரும்புவது போல எடுங்கள். ரோமில் இறங்கி ரோமுக்கே திரும்பி வந்தால், அந்த ரயில் பயணத்துக்கு மட்டும் அரை நாள் வீண்.

சனி, ஞாயிறு - வெனிஸ்: இறங்கிய அன்று எதுவும் வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, ஓய்வு. மாலையில் 1-ம் எண் வாப்பரெட்டோவில் ஏறி உட்காருங்கள். அதுதான் அந்த ஊர் டவுன் பஸ், தண்ணீரில் ஓடும். பெரிய கால்வாய் முழுவதையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். மறுநாள் அதிகாலையில் புனித மாற்கு சதுக்கம். பகல் நேரக் கூட்டம் வருவதற்கு முன் அந்த ஊரே வேறு. அங்கேயுள்ள மணிக்கூண்டுக்கு லிஃப்ட் உண்டு. வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். அதனால் படகுத் துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள்.

திங்கள், செவ்வாய் - ஃப்ளாரன்ஸ்: இங்குள்ள உஃபிஸி, அக்காதெமியா அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் திங்களன்று விடுமுறை. அதனால்தான் திங்களைப் பயணத்துக்கு வைத்தேன். செவ்வாய் காலை அக்காதெமியாவில் 'டேவிட்' சிலை. 1504-ல் முடிந்தது, 17 அடி உயரம். மதியம் தூக்கம். மாலையில் கால் ஒத்துழைத்தால் உஃபிஸி. இல்லாவிட்டால் ஆற்றுப் பாலத்தில் காற்று வாங்குங்கள், குற்றமில்லை. பேராலயக் குவிமாடத்தில் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். அழகு குறையாது.

புதன், வியாழன், வெள்ளி - ரோம்: புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடப்பது வழக்கம், வத்திக்கானில் நெரிசல். அன்று நாம் ரயிலில் இருப்போம். மாலையில் பாந்தியன், ட்ரேவி நீரூற்று. இரண்டும் நடக்கும் தூரம். வியாழன் காலை, திறந்தவுடன் கொலோசியம். மதியம் முழு ஓய்வு. ஏனென்றால் வெள்ளிதான் கனமான நாள். காலை 7 மணிக்கே பேராலயத்துக்குப் போய்விடுங்கள். வலது பக்கம் முதல் சிற்பமே பியெத்தா. பிறகு நிதானமாக உட்கார்ந்து காலை உணவு. முன்பதிவு செய்து வைத்து, 10 மணிக்கு மேல் வத்திக்கான் அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும். பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்த உடை அவசியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாத இறுதி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை ஊருக்குத் திரும்ப விமானம்.

மூட்டு வலி அதிகமுள்ளவரா? வெனிஸை விட்டுவிடுங்கள். ரோம் நான்கு இரவு, ஃப்ளாரன்ஸ் மூன்று இரவு. இரண்டு ஊர்தான், ஆனால் நிறைவாக இருக்கும்.

தூக்கம்: கோடையில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் நாலரை. ஆகவே முதல் சில நாட்கள் விடியற்காலையில் முழிப்பு தட்டும், சாயங்காலமே கண் சொக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். காலை நேரம்தான் அங்கே கூட்டமில்லாத நேரம். உடம்பு கொடுக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பசி: மதிய உணவு சுமார் 12.30 முதல் 2.30 வரை. இரவு உணவுக்குப் பல ஓட்டல்கள் ஏழு, ஏழரைக்கு மேல்தான் திறக்கும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுக் கதவு திறக்கக் காத்திருப்பது ஆபத்து. பையில் கடலை, பிஸ்கட், கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். சைவர்கள் 'சென்சா கார்னே' என்று சொல்லப் பழகுங்கள்; 'இறைச்சி இல்லாமல்' என்று பொருள். ஒரு விஷயம்: பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. சுத்த சைவர்கள் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

தாகமும் சிறுநீரும்: 'பாத்ரூம் கிடைக்காது' என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்கள் எத்தனை பேர்! நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும் பழக்கம் அது. ரோமில் தெருவுக்குத் தெரு, 2,000-க்கும் மேற்பட்ட குழாய் ஊற்றுகள் உண்டு. 'நசோனி' என்று பெயர். நல்ல குடிநீர், காசில்லை. பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு, ஒரு கடையில் காபி வாங்கிவிட்டுக் கேளுங்கள். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். நின்று குடித்தால் காபி விலை குறைவு, உட்கார்ந்தால் கூடுதல். முழங்காலுக்காக அந்தக் கூடுதலைக் கொடுங்கள். வைத்தியச் செலவைவிடக் குறைவுதான்!

இளைப்பு: காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒரு சின்ன இடம், நடுவில் இரண்டு மணி நேரம் படுக்கை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் போலவே காயும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். ரோமில் கருங்கல் பாவிய தெருக்கள். புதுச் செருப்போடு போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். அந்த ஒரு மாதமும் தினம் முக்கால் மணி நேரம் நடங்கள்.

மருந்துப் பை

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, உறைந்து கெட்டுப்போகலாம். மருந்தின் மூலப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டு ஒன்று வேண்டும். நேர வித்தியாசத்துக்கு ஏற்ப இன்சுலினை எப்படிப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். என் துறை மருந்தையும் சொல்லிவிடுகிறேன்: பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலம், பற்பம், செந்தூரம் எதையும் கொண்டு போகாதீர்கள். சுங்க அதிகாரியிடம் விளக்க முடியாது. 'பத்து நாள்தானே' என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவையான நேரத்தில் பணம் வராது. அவசர உதவிக்கு 112. பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக் கடை.

அந்த வங்கி அதிகாரி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைசா கோபுரம் போச்சே டாக்டர்!" என்றார். பக்கத்தில் அந்த அம்மா சிரித்தார். "போகட்டுங்க. சாய்ஞ்சு நிக்கிறதைப் பார்க்கப் போய் நான் சாய்ஞ்சிடக் கூடாது!"

உங்கள் பட்டியலையும் எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரிடமும் 'நீ கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று எது?' என்று கேளுங்கள். அதற்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். கடைசி நாள் உச்சி வெயிலுக்குத் தள்ளாதீர்கள். மற்றதில் பாதியை அடித்துவிடுங்கள்.

போய், நன்றாகப் பார்த்து, சுகமாகத் திரும்பி வாருங்கள்!