சேதராப்பட்டு மண்ணை அளக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கப் புதுச்சேரியின் சேதராப்பட்டில் மண் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அளந்து முடித்ததும் ஊரார் கேட்கப்போவது ஒன்றுதான்: "இந்த மண் நல்லதா?" அதற்கு உன் காமா நிறமாலைக் கருவி எவ்வளவு தூரம் பதில் சொல்லும் என்பதைப் போகும் முன்பே தெளிவாக்கிக்கொள்.

குழி தோண்டுவதற்கு முன், எது அந்த ஊரின் சொந்த மண் என்று பெரியவர்களைக் கேள். சாலைக்காகவும் மனைக்காகவும் லாரியில் வந்து கொட்டிய கிராவலை அள்ளிவந்தால், நீ அளப்பது வேறு ஊர் மண்ணை. பிறகு காயவைத்து, சலித்து, டப்பாவில் அடைத்து, மூடி விளிம்பைக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு மாதம் வை. ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள்; அது ரேடியத்தோடு சமநிலைக்கு வர ஏறக்குறைய அந்த ஒரு மாதம் வேண்டும். வாயு கசிந்தால் அதன் வழியில் பிறக்கும் பிஸ்மத்-214 குறையும். காமா நிறமாலையில் அதன் 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு தாழும். ரேடியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். சீக்கிரம் முடிக்கச் சொல்லி யார் நெருக்கினாலும் அந்த மாதத்தை விட்டுக்கொடுக்காதே.

ஐ.நா. கதிர்வீச்சு அறிவியல் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மண்ணின் உலக சராசரி கிலோவுக்கு ரேடியம் 32, தோரியம் 45, பொட்டாசியம்-40 420 பெக்கரல். உன் தோரியம் 60 வந்தால் "சராசரியைத் தாண்டியது" என்று யாரேனும் தலைப்புப் போடுவார்கள். சராசரி என்பது ஆபத்தின் எல்லை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடு. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் தோரியம் கொண்ட மோனசைட் மணலோடு வாழும் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள். அதைக் காட்டி "கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது" என்று நீ சொல்லிவிடவும் கூடாது.

ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்த ரேடியம் சமானத்துக்குக் கிலோவுக்கு 370 பெக்கரல் என்ற எல்லையை ஆய்வேடுகளில் பார்த்திருப்பாய். அது கட்டுமானப் பொருளுக்கு வகுத்தது. செங்கல் சூளைக்குப் போகும் மண்ணுக்குப் பொருந்தும். தோட்டத்து மண்ணுக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதே.

எனக்குப் பெரிய கவலை இதுதான். சேதராப்பட்டில் அரசு நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டை இருக்கிறது. மக்கள் "நல்லதா" என்று கேட்கும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் ஆலைக் கழிவு. ஈயமோ குரோமியமோ மண்ணில் கலந்திருந்தாலும் காமா நிறமாலையில் அது தெரியாது. "பாதுகாப்பானது" என்று மொட்டையாக எழுதினால், நீ அளக்காத ஒன்றுக்கும் சான்று கொடுத்ததாகிவிடும். "இயற்கைக் கதிரியக்கத்தைப் பொறுத்தவரை" என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே வை. ஊரில் பேசும்போதும் சொல். ஒவ்வொரு குழியிலிருந்தும் இன்னொரு பை மண்ணும் எடுத்துக்கொள். அதை உலோகப் பரிசோதனைக்குக் கொடு.

அன்புடன்,
அக்கா